கடைமடைக்கு வருமா பெரிய கடை?
வேளாங்கண்ணி கூட்டத்தைப் பார்த்து ஏமாறலாமா?

வேளாங்கண்ணி ரெயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றால் போதும். மூட்டை முடிச்சோடு ஜனங்கள் திமுதிமுவென்று இறங்குகிறார்கள். எர்ணாகுளத்தில் இருந்து ஒரு கூட்டம், கோவா பக்கம் வாஸ்கோவில் இருந்து ஒரு கூட்டம், சென்னையில் இருந்து ஒரு கூட்டம். பஸ்சில் வருகிறவர்கள் தனி. காவி கட்டி நடந்தே வருகிறவர்கள் தனி. ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறி, செப்டம்பர் 8-ந் தேதி திருவிழா முடிகிற வரை கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

இந்தக் கூட்டத்தைப் பார்க்கிற எந்த வியாபாரிக்கும் ஒரு ஆசை வரும். "இவ்வளவு ஜனம் வருதே, இங்கே நாலு மாடியில் ஒரு பெரிய எலக்ட்ரானிக் கடை போட்டால் என்ன?" என்ற ஆசை!

டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. விற்கிற பெரிய நிறுவனங்கள் தமிழ்நாடு முழுக்கக் கிளை திறந்து வருகிற காலம் இது. அடுத்த கிளை எந்த ஊரில் என்பது அந்த நிறுவனங்களின் சொந்த விவகாரம்தான். ஆனால் நாகை மாவட்டத்துக் கடலோர மக்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. வாங்குகிற பெட்டி ரிப்பேர் ஆனால் அவர்கள்தானே அலைய வேண்டும்?

ஆகவே கேள்வி இதுதான். பெரிய கடை கூட்டம் கூடுகிற இடத்துக்கு வர வேண்டுமா? அல்லது தேவை இருக்கிற இடத்துக்கு வர வேண்டுமா?

கூட்டம் வேறு, கிராக்கி வேறு!

வேளாங்கண்ணிக்கு வருகிறவர் என்ன வாங்குகிறார்? மெழுகுவர்த்தி வாங்குகிறார். ஜெபமாலை, மாதா படம், சங்கு, சிப்பி மாலை, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குகிறார். கடற்கரையில் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடுகிறார். எலக்ட்ரானிக் சாமான் என்று பார்த்தால், வழியில் தொலைத்த சார்ஜருக்குப் பதில் ஒரு சார்ஜர், ஒரு பவர் பேங்க், காதில் மாட்டுகிற இயர்போன், கடலில் குளிக்கும்போது நனைந்துபோன செல்போனுக்கு அவசர வைத்தியம். அவ்வளவுதான்.

கொச்சியில் இருந்து வந்தவர் வேளாங்கண்ணியில் பிரிட்ஜ் வாங்கி ரெயிலில் ஏற்றிக்கொண்டு போவாரா? பெங்களூரில் இருந்து வந்தவர் 55 அங்குல டி.வி.யைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாரா? மாட்டார். அவரவர் ஊரில், அவரவர் தெரு முனையில் கடை இருக்கிறது.

ஊர்க் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2011 கணக்கெடுப்பின்படி வேளாங்கண்ணி பேரூராட்சியின் ஜனத்தொகை சுமார் 11 ஆயிரம். நாகப்பட்டினத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். வருஷத்துக்கு எத்தனை லட்சம் பேர் வந்து போனாலும், பிரிட்ஜ் வாங்கி வீட்டில் வைக்கப் போவது அந்த 11 ஆயிரம் பேரும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும்தான்.

திருவிழாக் கூட்டத்தை நம்பி ஏ.சி. கடை போடுவது, தேர் பார்க்க வந்தவனிடம் வீட்டு மனை விற்கப் போன கதைதான்.

லாட்ஜுகளை மறக்கக் கூடாது

ஆனால் ஒன்று. வேளாங்கண்ணியில் கிராக்கியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தெருவுக்குத் தெரு லாட்ஜ். ஒவ்வொரு அறையிலும் ஒரு டி.வி., ஒரு பேன். பாதி அறைகளில் ஏ.சி. குளிக்க வென்னீர் ஹீட்டர். ஓட்டலுக்கு ஓட்டல் பெரிய கிரைண்டர், ஆழ் குளிர்ப்பெட்டி. மீன் வறுவல் கடைக்கும் ஐஸ் பெட்டி வேண்டும்.

இவையெல்லாம் வருஷம் முழுக்க ஓடுகிற சாமான்கள். வீட்டில் ராத்திரி மட்டும் ஓடுகிற ஏ.சி., லாட்ஜில் விருந்தாளி இருக்கிற நேரமெல்லாம் ஓடும். சீக்கிரம் தேயும். அடிக்கடி ரிப்பேர் வரும். திருவிழா நடுவில் நாலு அறையில் ஏ.சி. நின்றுபோனால் லாட்ஜ்காரர் கதி என்ன? "நாளைக்கு ஆள் அனுப்புறோம் சார்" என்று போனில் சொன்னால், ரூம் எடுத்தவர் இன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார்.

ஆகவே வேளாங்கண்ணிக்கு நாலு மாடி ஷோரூம் தேவை இல்லை. தேவைப்படுவது ஒரு நல்ல சர்வீஸ் நிலையம். உதிரி பாகத்தோடு, இரண்டு மூன்று மெக்கானிக்குகளோடு, திருவிழா நாட்களில் ராத்திரியும் திறந்திருக்கிற நிலையம். வாசலில் சார்ஜரும் டார்ச் லைட்டும் விற்கட்டும். யாத்திரீகருக்கும் உபயோகம், கடைக்கும் வாடகை வந்துவிடும்.

கப்பலில் வந்த ரேடியோ!

இந்தக் கடலோர ஜனங்களுக்கு எலக்ட்ரானிக் சாமான் புதிது அல்ல. சென்னைக்காரர்கள் ஆச்சரியமாகப் பார்த்த பல சாமான்களை நாகப்பட்டினத்துக்காரர்கள் முன்னாலேயே பார்த்துவிட்டார்கள்.

நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பயணிகள் கப்பல் போய் வந்த காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன்பிறகு 'எம்.வி. சிதம்பரம்'. 1980-களின் நடுவில் நடந்த தீ விபத்தோடு அந்தக் கப்பலும் நின்றது. சிங்கப்பூர் சபுராளி இறங்குகிறார் என்றால் தோளில் டிரான்சிஸ்டரும் கையில் டேப் ரிக்கார்டரும் கட்டாயம் இருக்கும். நாகூரிலும் நாகையிலும் எத்தனையோ வீடுகளில் முதல் ரேடியோ கப்பலில் வந்ததுதான்.

டி.வி. கதையும் அப்படித்தான். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. அந்த அலை இங்கே எட்டவில்லை. ஆனால் 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், வேதாரண்யம் பக்கம் வீட்டுக் கூரை மேல் நீண்ட கம்பம் நட்டு, ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ஒருவர் கூரையில் நின்று கம்பத்தைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங்... நில்லு!" என்று கத்த, உள்ளே முப்பது பேர் படம் பார்த்தார்கள்.

2006-ல் இலவச கலர் டி.வி. திட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த முதல்-அமைச்சர் கருணாநிதி பிறந்த திருக்குவளை இந்த வட்டாரத்து ஊர்தான். 2011-க்குப் பிறகு ஜெயலலிதா ஆட்சியில் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தது. குடிசைக்குள்ளும் பிளக் பாயிண்ட் வந்தது. இலவசமாக வந்த பெட்டி பழசானதும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? பழைய காலத்துக்குத் திரும்பவில்லை. காசு சேர்த்து அடுத்த பெட்டி வாங்கினார்கள்.

இப்படிப் பழகிப்போன ஜனங்களைப் பார்த்து "கிராமத்தில் யார் ஏ.சி. வாங்குவார்?" என்று கேட்கிறவர்கள், சித்திரை வெயிலில் ஒரு முறை தலைஞாயிறு பக்கம் போய் வரட்டும்.

பெரிய கடைகள் பிறந்த கதை

பெரிய நிறுவனங்கள் பெரிதாகவே பிறக்கவில்லை. சென்னை மயிலாப்பூரில் 1965-ல் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியதுதான் விவேக்ஸ். தவணை முறை என்றாலே வி.ஜி.பி. என்று ஒரு காலம் இருந்தது. கையில் மொத்தப் பணம் இல்லாதவனும் ரேடியோ வாங்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். அந்த வி.ஜி.பி.யில் விற்பனையாளராக வேலை பார்த்தவர், குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரர் வசந்தகுமார். 1978-ல் தியாகராயநகரில் சின்னதாகத் தனிக்கடை தொடங்கினார். அதுதான் வசந்த் அண்ட் கோ. 2019-ல் கன்னியாகுமரி எம்.பி.யாகவும் ஆன அவர் 2020 ஆகஸ்டில் கொரோனாவுக்குப் பலியானார். அவர் தொடங்கிய கடை தமிழ்நாடு முழுக்கக் கிளை விட்டிருக்கிறது.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. இவர்கள் பணக்காரனைத் தேடிப் போய் வளரவில்லை. மாதச் சம்பளக்காரன், குமாஸ்தா, சின்ன வியாபாரி, இவர்களிடம் "இப்போ கொஞ்சம் கொடுங்க, மீதியை மாசாமாசம் கட்டுங்க" என்று சொல்லி வளர்ந்தார்கள். வாங்குகிறவன் கையில் காசு எப்போது வரும் என்று தெரிந்து வைத்திருந்ததுதான் அவர்கள் வெற்றியின் ரகசியம்.

டெல்டாவில் கடை திறக்க வருகிறவர்களும் அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே காசு எப்போ வரும்?

சென்னையில் ஒன்றாந் தேதி சம்பளம். கம்பெனிகளில் தீபாவளிக்கு போனஸ். கடைக்காரர்களும் அதற்குத் தகுந்தபடி தள்ளுபடி போடுவார்கள், விளம்பரம் செய்வார்கள்.

நாகை, திருவாரூர் பக்கம் காலண்டரே வேறு. மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். தண்ணீர் சரியாக வந்த வருஷம் குறுவை போடுகிற ஊரில் புரட்டாசி, ஐப்பசியில் கையில் காசு. ஆனால் வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர் பக்கம் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டிக் கடைசியாகத்தான் இங்கே வரும். அனேகம் பேருக்கு ஒரு போகம் சம்பாதான். தை, மாசியில் அறுப்பு. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, பணம் பேங்குக்கு வந்து சேர மாசி, பங்குனி ஆகிவிடும்.

கல்யாணமும் அதை ஒட்டித்தான். தை பிறந்தால் முகூர்த்தம். பெண்ணுக்குச் சீர் என்று பீரோ, கட்டிலோடு பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் லாரியில் ஏறுகின்றன. தை முதல் பங்குனி வரை நடக்கிற வியாபாரம்தான் கடைமடையில் வியாபாரம். தீபாவளி நேரத்தில் இங்கே வயலில் நடவும் களையெடுப்பும் நடந்துகொண்டிருக்கும். காசு வயலுக்குள் போகிற காலம், வெளியே வருகிற காலம் அல்ல.

மீன்பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். செருதூரிலும் நாகை அக்கரைப்பேட்டையிலும் அந்த இரண்டு மாதம் தவணை கட்டு என்றால் எங்கே போவார்கள்?

ஒரு 30 ஆயிரம் ரூபாய் பிரிட்ஜை வைத்துக்கொள்வோம். பத்து மாதத் தவணை என்றால் மாதம் 3 ஆயிரம். சம்பளக்காரருக்குச் சரி. விவசாயிக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்த 3 ஆயிரம் எங்கிருந்து வரும்? கட்டத் தவறினால் அபராத வட்டி. பேங்கில் செக் திரும்பினால் அதற்கு ஒரு கட்டணம். கடைசியில் போனில் மிரட்டல். குளிர்ச்சிக்கு வாங்கிய பெட்டி வீட்டில் சூட்டைக் கிளப்பிவிடும்!

அறுவடைக்கு ஒரு தவணை, இடையில் சின்னதாக ஒரு தவணை என்று வைத்தால் என்ன? தடைக்காலத்தில் மீனவருக்குத் தவணை இல்லை என்று வைத்தால் என்ன? கிராமத்து மளிகைக் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கணக்கு வைத்தார். "அறுப்பு முடிஞ்சதும் தர்றேன் அண்ணே" என்றால் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் போண்டி ஆகிவிடவில்லை. கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கம்பெனிக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியாதா?

உப்புக் காற்றுக்கு யார் ஜவாப்?

அடுத்த விஷயம் கடல் காற்று. தஞ்சாவூரில் பத்து வருஷம் உழைக்கிற ஏ.சி. வேளாங்கண்ணியில் அதே பத்து வருஷம் உழைக்காது. வெளியே மாட்டுகிற பெட்டிக்குள் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கும். உப்பு ஈரம் படப் பட, இரண்டும் சேருகிற இடத்தில் அலுமினியம் அரித்து மாவாக உதிரும். கேஸ் ஒழுகும். பிரிட்ஜின் அடித்தகடும் வாஷிங் மெஷின் காலும் துருப்பிடித்துப் போகும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அரிப்பைத் தாங்குகிற பூச்சுப் பூசிய காயில் கிடைக்கிறது. வெளிப்பெட்டியைக் கடலைப் பார்த்து மாட்டாமல் மறைவான சுவரில் மாட்டலாம். அவ்வப்போது மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். ஆனால் வாங்குகிற அன்றைக்கே இதைச் சொல்கிற விற்பனையாளர் வேண்டுமே? கடற்கரையை ஆயுசில் பார்க்காத ஊரில் உட்கார்ந்து விற்கிறவருக்கு இது ஞாபகத்துக்கே வராது.

கரண்டும் அப்படித்தான். ஆற்றுத் தண்ணீருக்குக் கடைமடை இருப்பதுபோல மின்கம்பிக்கும் கடைமடை உண்டு. லைன் நீள நீள, கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கும். கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேன், ஏ.சி. போட்டால் இன்னும் இறங்கும். "இந்த மாடலுக்கு ஸ்டெபிலைசரே வேணாம் சார்" என்று டவுனில் சொல்வதைக் கிராமத்தில் அப்படியே நம்பினால் கம்ப்ரசர் காலி.

வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-ல் வந்தது. சின்னக் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். அதிக ஸ்டார் உள்ள பிரிட்ஜ் வாங்கினால் கரண்டு பில் அடங்கும். மலிவு என்று பழைய மாடலைத் தலையில் கட்டினால் மாதாமாதம் பில்லில் அழ வேண்டும். இதையும் சொல்லி விற்கிற ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புயலை மறக்க முடியுமா? 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. அதற்கு முன் 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி. வீட்டுச் சாமான் என்ன, வீடே போனது. இப்படிப்பட்ட இடத்தில் விற்கிறவர், விற்ற கையோடு ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறவராக இருக்கக் கூடாது.

தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் போதாதா?

பெரிய கடைகள் எங்கே குவிகின்றன? தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும். இரண்டும் மாநகராட்சி. பணப் புழக்கம் உள்ள ஊர்கள். கடைகள் வருவதில் தப்பு இல்லை. ஆனால் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே கம்பெனி டி.வி.யை நூறு ரூபாய் வித்தியாசத்தில் விற்று என்ன கண்டார்கள்? ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் இழுப்பதுதான் மிச்சம்.

வேதாரண்யத்துக்காரர் தஞ்சாவூருக்குப் போய் வர ஒரு நாள் போய்விடும். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, வேன் வாடகை எல்லாம் சேர்த்தால் தள்ளுபடி கிடைத்த பணம் ரோட்டிலேயே தீர்ந்துவிடும். ரிப்பேர் என்றால் டவுனில் இருந்து மெக்கானிக் வரவேண்டும். "அந்தப் பக்கம் நாலு கம்ப்ளைண்ட் சேரட்டும், ஒண்ணா வர்றோம்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கிற பதில். நாலு கம்ப்ளைண்ட் சேருகிற வரை பிரிட்ஜில் வைத்த மாவு புளித்துப் பொங்கிவிடும்.

காரைக்கால் கதையும் மாறிவிட்டது. புதுச்சேரிப் பகுதியில் வரி குறைவு என்று எல்லை தாண்டிப் போய் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. இனி வரிக்காக யாரும் அலைய வேண்டியது இல்லை. பக்கத்துக் கடையில் நியாயமாகக் கிடைத்தால் பக்கத்திலேயே வாங்குவார்கள்.

அப்படியானால் எந்த ஊர்?

முதல் இடம் திருத்துறைப்பூண்டி. ஜனத்தொகை 2011-ல் சுமார் 24 ஆயிரம்தான். ஆனால் ஊரின் பலம் ஜனத்தொகையில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. திருவாரூர், மன்னார்குடி, முத்துப்பேட்டை, வேதாரண்யம், நாகை என்று நாலா பக்கமும் பஸ் பிரிகிற ஊர். ரெயில் சந்திப்பு. 2023 ஏப்ரலில் இங்கிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடியும் ரெயில் விட்டார்கள். இங்கே ஒரு பெரிய கடையும் குடோனும் வைத்தால், சுற்றி உள்ள அத்தனை கிராமத்துக்கும் மினி லாரி போய்த் திரும்பிவிடும்.

இரண்டாவது வேதாரண்யம். 2011-ல் சுமார் 34 ஆயிரம் பேர். உப்பளம், மீன்பிடிப்பு, மல்லிகைப் பூ, மா, முந்திரி என்று நெல்லைத் தாண்டியும் வருமானம் உள்ள வட்டாரம். வெளிநாட்டில் பிள்ளைகள் வேலை செய்கிற வீடுகளும் இருக்கின்றன. மணியார்டர் போய் இப்போது பணம் நேராக பேங்குக்கு வருகிறது. நடுத்தரக் கடை ஒன்று தாராளமாக ஓடும்.

மூன்றாவது வேளாங்கண்ணி. ஆனால் மேலே சொன்னபடி சர்வீஸ் நிலையமாக. லாட்ஜுகள், ஓட்டல்கள், செருதூர் முதல் கீழையூர் வரை உள்ள வீடுகள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஆள் போகலாம். நாகைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2010-ல் ரெயில் பாதையும் வந்துவிட்டது. ஆகவே முழு ஷோரூம் பார்க்க வேண்டியவர்கள் நாகைக்குப் போய் வருவதில் கஷ்டம் இல்லை.

ஷோரூமை ஊர் நடுவில் நாலு மாடியில்தான் வைக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. பஸ் நிலையத்தில் இருந்து நடந்து போகிற தூரம், மினி லாரி நின்று சாமான் ஏற்ற இடம், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதி. இந்த மூன்றும் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடோனுக்குள் தண்ணீர் புகுந்தால் லாபம் எல்லாம் மிதந்துவிடும்.

சின்னக் கடைக்காரர் என்ன ஆவார்?

இதற்கு மறுபேச்சும் இருக்கிறது. நியாயமான பேச்சுதான். பெரிய கடை வந்தால் ஊரில் இருக்கிற சின்ன எலக்ட்ரிக்கல் கடைக்காரர் என்ன ஆவார்? ரேடியோ ரிப்பேரில் தொடங்கி, டெக், டி.வி., டிஷ் என்று காலத்துக்குத் தகுந்தபடி தொழில் கற்றுக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் ஸ்குரூ டிரைவரோடு சைக்கிளில் வந்தவர் ஆயிற்றே அவர்?

மொத்தமாக ஆயிரம் பெட்டி எடுக்கிறவருக்குக் கம்பெனி கொடுக்கிற விலை, பத்துப் பெட்டி எடுக்கிறவருக்குக் கிடைக்காது. விலையில் போட்டி போட்டால் சின்னவர் தோற்பார். இது மறைக்க முடியாத உண்மை. ஏற்கனவே செல்போனில் ஆர்டர் போட்டு வீட்டு வாசலில் டி.வி. வந்து இறங்குகிறது. அந்த அடியே இன்னும் ஆறவில்லை.

ஆனால் சின்னவரிடம் இருக்கிற ஒன்று பெரியவரிடம் இல்லை. எந்த வீட்டில் வோல்டேஜ் குறைவு, எந்தத் தெருவில் உப்புக் காற்று அதிகம், யார் அறுப்பு முடிந்ததும் ஒழுங்காகப் பணம் கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பெரிய நிறுவனம் புத்திசாலியாக இருந்தால் அவரை ஒழிக்க நினைக்காது. கிராமத்துச் சர்வீஸ் வேலையை அவரிடமே ஒப்படைக்கும். உதிரி பாகம் கொடுக்கும். புது மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும். வேலைக்கு உரிய கூலியை நாள் கடத்தாமல் கொடுக்கும். ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும்.

அப்படிச் செய்யாமல், ஊருக்குள் வந்து மூன்று வருஷம் நஷ்டத்துக்கு விற்று, சின்னக் கடையை எல்லாம் மூட வைத்து, பிறகு லாபம் போதவில்லை என்று பெரிய கடையும் மூடிக்கொண்டு போனால்? பெட்டி வாங்கின ஜனம் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். அதைவிட அவர்கள் வராமலே இருக்கலாம்.

வாங்குகிறவரும் விழித்திருக்க வேண்டும்

கடை எங்கே வந்தாலும் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி நாலு. ரிப்பேருக்கு ஆள் எந்த ஊரில் இருந்து வருவார்? எத்தனை நாளில் வருவார்? கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்றால் கேஸ் செலவும் மெக்கானிக் கூலியும் அதில் சேர்த்தியா? தவணையில் மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும்?

பதிலைப் பில்லோடு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய் வார்த்தை உப்புக் காற்றில் கரைந்துபோகும். 2020-ல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, சாமானை எங்கே வாங்கியிருந்தாலும் தான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள புகாருக்குக் கட்டணமும் கிடையாது. சென்னைக் கடையில் வாங்கிவிட்டோமே என்று வேதாரண்யத்துக்காரர் சென்னைக்கு அலைய வேண்டிய அவசியம் இல்லை.

தண்ணீர் போல வரட்டும்

டெல்டாவில் எல்லாமே மேட்டில் தொடங்கிக் கடைசியில்தான் கடைமடைக்கு வருகின்றன. ஆற்றுத் தண்ணீர் அப்படித்தான் வருகிறது. ரோடும் ரெயிலும் கரண்டும் அப்படித்தான் வந்தன. புயல் மட்டும்தான் கடைமடைக்கு முதலில் வருகிறது!

பெரிய கடைக்காரர்கள் இந்த வழக்கத்தை ஒரு முறை மாற்றிப் பார்க்கட்டும். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். அந்தக் கூட்டம் செப்டம்பர் 8-ந் தேதி ராத்திரி கொடி இறங்கியதும் வண்டி ஏறிவிடும். மறுநாள் காலையில் ஊரில் இருக்கப் போவது லாட்ஜ் கணக்குப்பிள்ளையும், வலை பின்னுகிற மீனவரும், வயலுக்குப் போகிற விவசாயியும், அவர்கள் வீட்டுப் பெண்களும்தான்.

அவர்கள் வீட்டில் கிரைண்டர் நின்றுபோனால் அன்றைக்குச் சாயங்காலமே ஓட வைக்கிற கடை எதுவோ, அதுதான் இந்த வட்டாரத்தில் நிலைக்கப் போகிற கடை.